பழைய பிக்கப்பில் ஏர் சஸ்பென்ஷன்: டிராக் ரேஸுக்குத் தாங்குமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். என்னிடம் 1970 ஷெவ்ரோலே சி-10 பிக்கப் உள்ளது. பின்பக்கம் காயில் ஸ்பிரிங். நிறுத்தினால் தரையோடு படுக்க வேண்டும், கால் மைல் நேர்கோட்டுப் பந்தயமான டிராக் ரேஸிலும் ஓட வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் கிட் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் ஏர் சஸ்பென்ஷனில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வரும் காற்றுப்பை வெறும் ஸ்பிரிங்தான். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர், ஆக்சிலை இடத்தில் நிறுத்துவது அதை ஃப்ரேமோடு இணைக்கும் ஆர்ம்கள். கம்ப்ரசருக்கும் ரிமோட்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டுப் பழைய ஷாக்கையே மாட்டினால், புறப்படும்போது பின்சக்கரம் குதிக்கும். வண்டி தாழ்ந்த பிறகு அந்த உயரத்துக்குப் பழைய ஷாக் அளவுக்கு மீறிய நீளம். பை அமுங்குமுன் அதுவே முட்டும். அளவு சரியான, விறைப்பை மாற்றக்கூடிய ஷாக்கை முதலில் வாங்குங்கள்.

உங்கள் வண்டியின் நீண்ட ட்ரெய்லிங் ஆர்ம் அமைப்பு நல்லது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்களே பல காலம் அதைப் பயன்படுத்தின. பலவீனம், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குட்டையான பேன்ஹார்டு ராடு. உயரம் மாறினால் அது ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கும். நீளமான, சரிசெய்யக்கூடிய ராடு அவசியம்.

கிட்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது வால்வு. நான்கு பைக்கும் தனித்தனி வால்வும் குழாயும் வேண்டும். பின்னிரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்தால், அமுங்கும் பையின் காற்று மறுபைக்கு ஓடி வண்டி சாயும். மேலும், புறப்படும் நொடியில், என்ஜின் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். தனிக் குழாய் இருந்தால் வலது பையில் 5 பிஎஸ்ஐ கூடுதலாக வைத்து ஆரம்பிக்கலாம். வண்டி இடப்பக்கம் இழுத்தால் குறையுங்கள். வலது டயர் வழுக்கினால் சிறிது கூட்டுங்கள்.

படுத்த நிலையில் ஓடவே கூடாது. பையில் காற்றில்லாமல் ஆக்சில் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் உட்கார்ந்தால் சஸ்பென்ஷனுக்கு அசையவே இடமிருக்காது. டிராக் ரேஸ் நடத்தும் அமெரிக்க அமைப்பான என்ஹெச்ஆர்ஏவின் விதிப்படி முன்முனையிலிருந்து முன் ஆக்சில் மையத்துக்கு 12 அங்குலம் பின்வரை 3 அங்குலமும், மீதிப் பகுதியில் 2 அங்குலமும் தரை இடைவெளி வேண்டும். ஒரே ரேஸ் உயரத்தை முடிவுசெய்து, நான்கு சக்கர வளைவுகளிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிரைவ் ஷாஃப்ட் பின் ஆக்சிலோடு சேரும் பினியன் கோணத்தையும் அந்த உயரத்தில்தான் சரிசெய்ய வேண்டும். உயரம் மாறினால் கோணமும் மாறும். வெயில் ஏற ஏறப் பையின் காற்று விரிந்து உயரம் மாறலாம் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் உயரத்தையும் அழுத்தமானியையும் பாருங்கள்.

மாட்டிய பிறகு வண்டியை முழுதாக ஏற்றி இறக்கி, பையைச் சுற்றிக் கையை விட்டுப் பாருங்கள். ஃப்ரேமிலோ போல்ட் முனையிலோ ரப்பர் உரசினால் அங்கேதான் வெடிக்கும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும்.

டேங்க், கம்ப்ரசர் இரண்டையும் பிக்கப்பின் பின் சரக்குப் பெட்டியில் வலப்பக்கம், ஆக்சிலுக்குப் பின்னால் வையுங்கள். காலிப் பெட்டிக்கு அந்த எடை உதவும். பேட்டரியையும் அங்கே மாற்றினால் வெளியிலிருந்து அணைக்கும் மெயின் ஸ்விட்ச் கட்டாயம்.