ஐ-94 தேதி நெருங்குகிறது, அப்பா அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர், ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள தேதிக்கு மேல் தங்குவதற்கான நீட்டிப்பு பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. அடிக்கடி வருபவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் பி-1/பி-2 விசா (வியாபாரம், சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கானது) இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. அப்புறம் எதற்கு எக்ஸ்டென்ஷன்?

விசா என்பது வாசல்வரை வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி மட்டும்தான். உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார், அது ஐ-94 பதிவில் ஏறுகிறது, பி-2வில் வருபவர்களுக்கு வழக்கமாக 6 மாதம். விசா பத்து வருஷம் இருந்தாலும் அந்தத் தேதியைத் தாண்டினால் தாண்டியதுதான்.

இதை நான் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். என் அம்மா முதல் முறை வந்தபோது, ஊரில் விசா வேலை பார்த்துக்கொடுத்த ஏஜென்ட் "பத்து வருஷ விசா, கவலையே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார், நாங்களும் அதையே நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஏதோ தேடும்போது பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். முத்திரைக்குக் கீழே நீல மையில் கையால் எழுதியிருந்த தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து படிவம் நிரப்பினோம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதிலிருந்து யார் வந்தாலும், வந்த மறுநாளே சி.பி.பி. (சுங்க, எல்லைக் காவல் துறை) இணையதளத்தில் ஐ-94ஐ எடுத்துப் பிரிண்ட் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடச் சொல்கிறேன். இப்போது பல இடங்களில் முத்திரையே குத்துவதில்லை, அதனால் இது இன்னும் முக்கியம். தேதி தவறாகப் பதிந்திருப்பது தெரிந்தால், முடியும்வரை காத்திராமல் உடனே சி.பி.பி.யிடம் திருத்தக் கேளுங்கள்.

எப்போது போடுவது, எவ்வளவு ஆகும்?

ஐ-94 தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பம் போடச் சொல்கிறது யூ.எஸ்.சி.ஐ.எஸ். என்ற அமெரிக்கக் குடியேற்றத் துறை. தேதிக்கு முன் அவர்கள் கையில் சேர்ந்தே ஆக வேண்டும், தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது. படிவம் ஐ-539. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி ஆன்லைனில் 420 டாலர், தாளில் அனுப்பினால் 470. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்திருந்தால் ஒருவரை முதன்மை விண்ணப்பதாரராகப் போட்டு, மற்றவருக்கு ஐ-539ஏ இணைக்கலாம். கட்டுவதற்கு முன் கட்டணத்தை யூ.எஸ்.சி.ஐ.எஸ். இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 6 மாதம்தான் கேட்க முடியும். பாஸ்போர்ட் காலாவதி ஆகப் போகிறதென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று காரணம் எழுதலாமா?

இந்தக் கேள்வியில்தான் எனக்குக் கவலை. பிரசவத்துக்கு வந்த அம்மா, மகள் வேலைக்குத் திரும்பும்போது ஊருக்குக் கிளம்ப மனசு வராமல் தவிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் டே-கேர் செலவு கட்டுப்படியாகவில்லை, அதனால் அம்மா இருக்கட்டும் என்று எழுதினால், படிக்கும் அதிகாரிக்கு அது சுற்றிப்பார்க்க வந்தவர் செய்யக் கூடாத வேலையாகத் தெரியும். அதற்காகப் பொய்க் காரணம் எழுதச் சொல்லவில்லை, பொய் எழுதினால் பின்னால் அது வாழ்நாள் முழுக்கத் துரத்தும். உண்மையான காரணம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்றால், நீட்டிப்பு போடாமல் தேதிக்குள் அனுப்பிவைப்பதே நல்லது. சிசேரியன் ஆகி மகள் தேறிவர நாளாகிறது, அப்பாவுக்கு ஒரு சிகிச்சை நடுவில் நிற்கிறது, குடும்பத்தில் ஒரு விசேஷம் தள்ளிப்போயிருக்கிறது, இப்படி நிஜமாகவே ஒன்று இருந்தால் அதைத் தேதியோடு, மருத்துவர் கடிதத்தோடு எழுதுங்கள்.

கடிதத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: ஏன் இன்னும் இருக்க வேண்டும், எப்போது கிளம்பப் போகிறார், ஊரில் அவருக்கு வீடோ பென்ஷனோ சொந்தமோ என்ன காத்திருக்கிறது. மாற்றிய ரிட்டர்ன் டிக்கெட், செலவை ஏற்பவரின் வங்கிக் கணக்கு விவரம், இவற்றையும் வையுங்கள்.

பதில் வரவில்லை, ஐ-94 தேதி முடிந்துவிட்டது. இப்போது சட்டவிரோதமா?

நேரத்துக்குள், நியாயமான காரணத்தோடு போட்டிருந்து, வேலை எதுவும் பார்க்கவில்லை என்றால், முடிவு வரும்வரை இருக்கலாம், சட்டவிரோத நாள் கணக்கு ஏறாது. ரசீது வந்ததா என்று மட்டும் பாருங்கள், ஐ-797சி என்று தலைப்பில் இருக்கும். ஆனால் நிராகரித்துவிட்டால் மறுநாளிலிருந்து நாட்கள் எண்ணப்படும், அந்த விசாவும் செல்லாமல் போகலாம், அதனால் கடிதம் வந்த உடனே கிளம்பிவிட வேண்டும். 180 நாளுக்கு மேல் அப்படித் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருஷம் வர முடியாது, ஒரு வருஷத்தைத் தொட்டால் 10 வருஷம்.

பதில் வராவிட்டாலும், நீங்கள் கேட்டிருந்த தேதிக்குள் கிளம்பிவிடுங்கள் என்பது என் யோசனை. கிளம்பினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகும், பரவாயில்லை. ரசீதையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை விமான நிலையத்தில் கேட்டால் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

நான் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர், எஸ்டாவில் (விசா இல்லாமல் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீட்டிக்கலாமா?

முடியாது. எஸ்டாவில் 90 நாள், அதை ஐ-539 போட்டு நீட்டிக்க வழியில்லை. திடீர் மருத்துவ அவசரம் மாதிரி ஏதாவது வந்தால் மட்டும் கிளம்புவதற்கு 30 நாள்வரை கூடுதல் அவகாசம் கேட்கலாம். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் எஸ்டா எடுத்து வருபவர்களுக்கும் இதேதான். ரொம்ப நாள் இருக்க நினைத்தால் வருவதற்கு முன்பே பி-2 விசா எடுத்துவிடுங்கள்.

கனடா போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் புதிதாக 6 மாதம் கிடைக்குமா?

நம்பாதீர்கள். பக்கத்து நாட்டுக்குச் சின்னப் பயணம் போய்வந்தால் பெரும்பாலும் பழைய ஐ-94 தேதிதான் தொடரும், கனடா விசா செலவு வேறு. நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது போனால் அதுவும் போய்விடும்.