தனுஷ்கோடி சாலையோரம் நான் பார்த்த உயரமான சாம்பல் நிறப் பறவை எது?

கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில், ஆழமில்லாத நீரில் நின்ற பறவையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொக்கைவிட மிக உயரம், மங்கிய சாம்பல் நிறம், நுனி கறுத்து வளைந்த அலகு. சாம்பல் நாரைதானே என்கிறீர்கள். இல்லை, அது பூநாரையின் (ஃபிளமிங்கோ) இளம்பறவை.

பூநாரை என்றாலே இளஞ்சிவப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நிறம் பிறவியில் வருவதில்லை. தின்னும் சிற்றுயிர்களிலும் பாசியிலும் உள்ள நிறமிதான் மெல்ல மெல்லச் சிறகில் ஏறுகிறது. முழு நிறம் வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முதல்முறை பார்த்தபோது நானும் சாம்பல் நாரை என்றுதான் குறிப்பேட்டில் எழுதினேன். மறுநாள்தான் அடித்துத் திருத்தினேன்.

நிறத்தை விடுங்கள், அலகைப் பாருங்கள். சாம்பல் நாரைக்கு ஈட்டிபோல நேரான அலகு. பூநாரைக்கோ நடுவில் ஒடித்துவிட்டதுபோல் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். தலையைக் கவிழ்த்து நீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, இரையை வடிகட்டித் தின்னும். ஒரு தை மாதக் காலையில் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பறவை தலையை எடுக்காமலேயே சேற்றை மிதித்து மிதித்து, செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. அது நகர்ந்த பிறகு அங்கே வட்டமாக ஒரு பள்ளம், நடுவில் சிறு மேடு. சாம்பல் நாரை இப்படிச் செய்யாது. அசையாமல் மீனுக்குக் காத்து நிற்கும். பறக்கும்போதும் அது கழுத்தை மடக்கிக்கொள்ளும். பூநாரை கழுத்தை முன்னும் காலைப் பின்னும் நீட்டிப் பறக்கும்.

சித்திரங்குடிக் கண்மாய்ப் பக்கம் போனால் இன்னொரு குழப்பம் வரலாம். மஞ்சள் அலகும், வால் பக்கத்தில் மட்டும் இளஞ்சிவப்பும் இருந்தால் அது மஞ்சள்மூக்கு நாரை.

ஒரு வேண்டுகோள். படமெடுக்கச் சேற்றில் இறங்காதீர்கள். ஒருவர் இறங்கினால் கூட்டமே எழும்பிவிடும். நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வேளை இரையும் முக்கியம். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயத்தை அறிவித்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

சாலையிலிருந்து எடுத்த படம் ஏதாவது இருந்தால் இணையுங்கள். காலும் அலகும் தெரிந்தால் பறவையின் வயதையும் ஓரளவு சொல்லிவிடலாம்.