பொண்ணு பேனர் வேண்டாம்னு அழுறா, மாமியார் மொய் நோட்டை எடுத்து வெச்சிருக்காங்க

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, போன மாசம் பெரிய மனுஷி ஆயிட்டா. மண்டபம் பிடிச்சு சடங்கு சுத்தணும்னு மாமியார் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. "என் போட்டோவ பேனர்ல போட்டா ஸ்கூலுக்கே போகமாட்டேன்"னு இவ அழுறா. வேண்டாம்னு சொன்னா, "செஞ்ச மொய் எப்படி வரும், நாலு பேர் என்ன பேசுவாங்க"ங்கிறாங்க. நான் என்ன செய்ய? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: தங்கச்சி, பொண்ணு சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே மண்டபம் வேண்டாம்னு நான் சொல்லுவேன். ஆனா மாமியார் மேல கோவப்படாதீங்க. அவங்கள யாரும் உக்கார வெச்சு இதுக்குப் பாடம் எடுக்கல, அவங்க வயசுக்கு வந்தப்போ ஓலைக் குடிசையில தனித்தட்டு தனித்தம்ளரோட உக்காந்து, சுத்தி நின்ன பாட்டிங்க அத்தைங்க என்ன செஞ்சாங்களோ அதைப் பாத்துப் பாத்தே மனசுல ஏறிடுச்சு, செய்யாத வீட்டை ஊரு எப்படிப் பேசுச்சுன்னும் காதால கேட்டிருப்பாங்க. அதுக்கு மேல மொய் நோட்டு வேற. எங்கம்மா பீரோவுல ஒண்ணு இருந்துச்சு, ஊரு, பேரு, 51 ரூபா, திருப்பிச் செஞ்சிட்டா பக்கத்துல ஒரு டிக். டிக் விழாத வரியெல்லாம் அம்மாவுக்குக் கடன் மாதிரி, ராத்திரி கூட எடுத்துப் பாப்பாங்க. அதனால உங்க மாமியார் பயத்துல மானமும் இருக்கு, காசும் இருக்கு, ரெண்டுமே நிஜம்தான்.

இந்த நாலு பேர் பயம் நம்ம ஊர்ல மட்டும் இல்ல. 1950கள்ல அமெரிக்காவுல சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் பேராசிரியர், ஒரு கோட்டைக் காட்டி இதே நீளம் உள்ளது இந்த மூணுல எதுன்னு கேட்டார். முன்னாடியே சொல்லிவெச்ச ஆளுங்க வரிசையா தப்பா சொல்ல, கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சும் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோட சேர்ந்து தப்பாவே சொல்லிட்டாங்க. ஆனா சரியா சொல்ற ஆள் ஒரே ஒருத்தர் கூட இருந்தாப் போதும், அப்படி ஒத்து ஊதறது ரொம்பவே குறைஞ்சுபோச்சு.

உங்களுக்கு வேண்டியதும் அந்த ஒருத்தர்தான், அது உங்க அண்ணனோ தம்பியோ, பொண்ணோட தாய்மாமன். சடங்குல முதல் உரிமையே அவருக்குத்தானே, "என் மருமகளுக்கு வீட்லயே செய்வோம்"னு அவர் வாயால வந்துட்டா உங்க மாமியாரும் ஊர்ல அதையே சொல்லிக்கலாம், தலைகுனிவு இல்ல. மொய்க்கு நாளைக்கே ஒரு காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ வராமலா போகும்?

தனித்தட்டு, தள்ளி உக்கார வெக்கிறது, இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க, புள்ள மனசுல அது ஆறாது. உளுந்தங்களியை மாமியார் கையாலயே கிண்டச் சொல்லுங்க, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு, எத்தனை நாள் வேணும்னாலும் குடுக்கட்டும். யார் யார் வரலாம்னு பொண்ணையே ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க, அதுல இல்லாத ஒருத்தருக்கும் போன் போகக்கூடாது.