கரண்ட் போனதும் ரவுட்டர் ஏன் செத்தது?

கேள்வி: ரவுட்டரை அப்டேட் பண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது ஒரு சிவப்பு லைட் மட்டும் எரிகிறது. கடைக்காரர் “ஃபேர்ம்வெயர் போயிட்டு” என்கிறார். அதுவும் சொஃப்ட்வெயர்தானே, திரும்பப் போட ஏலாதா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சொஃப்ட்வெயர்தான் தங்கச்சி. ஆனால் திரும்பப் போட உள்ளே யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கொம்பியூட்டரில் வேர்ட் பழுதானால் விண்டோஸ் இருக்கிறது, விண்டோஸே போனாலும் பென்டிரைவிலிருந்து எழுப்பிவிட, ஒன் பண்ணியதும் முதலில் ஓடுகிற பயாஸ் இருக்கிறது, அந்த பயாஸ் போனால் அதற்குக் கீழே ஆளில்லை. இப்படிச் சாதனத்தின் சிப்பிலேயே குடியிருந்து அதை இயக்குகிற நிரல்தான் ஃபேர்ம்வெயர். வோஷிங் மெஷினில் பட்டனை அமத்தினால் தண்ணீர் எடுத்து, சுற்றி, பிழிகிறதே, அதுவும் இதன் வேலைதான். அதை யாரும் சொஃப்ட்வெயர் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நானும் பட்டவன்தான். கல்லடியில் ஒரு மழை இரவில் லெப்டொப்பின் பயாஸை அப்டேட் பண்ணப்போய், பற்றரி வேறு செத்த பற்றரி, பாதியில் கரண்ட் போனது. பிறகு விசிறி சுற்றும், திரை கறுப்பு. திருத்துகிற தம்பி பலகையைக் கழற்றி, நெல்மணி அளவில் எட்டுக் காலோடு இருந்த சிப்பில் ஒரு கிளிப்பை மாட்டி, வேறொரு கொம்பியூட்டரிலிருந்து பயாஸைத் திரும்ப எழுதினான். பத்து நிமிஷ வேலை, ஆனால் வெளியிலிருந்து ஒரு கை தேவைப்பட்டது.

1967இல் ஆஷர் ஓப்லர் ‘ஃபேர்ம்வெயர்’ என்று எழுதியபோது சொன்னது, புரொசெசருக்குள் இருந்து அதன் ஒவ்வொரு கட்டளையையும் நடத்திவைக்கிற மைக்ரோகோடை. பிறகு, ஒருமுறை எழுதியதை லேசில் மாற்ற ஏலாத ரொம் சிப்பில் இருந்ததெல்லாம் அந்தப் பெயருக்குள் வந்தது. அழிக்கக்கூடிய ஈபிரொம் சிப்பில்கூட சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் புறஊதா வெளிச்சம் அடித்தால்தான் பழையது அழியும். கரண்டாலேயே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் மெமரி வந்து வீட்டிலிருந்தே மாற்றலாம் என்றானதும் வசதியும் வந்தது, உங்களுக்கு நடந்த ஆபத்தும் கூடவே வந்தது.

சரி, உங்கள் ரவுட்டர். சிலவற்றில், ஒன் பண்ணியதும் முதலில் எழும்பி மற்றதை ஏற்றுகிற பூட்லோடர் என்ற சின்னப் பகுதியை அப்டேட் தொடுவதில்லை. அது தப்பியிருந்தால், ரீசெட்டை அமத்திப் பிடித்தபடி ஒன் பண்ணி, கொம்பியூட்டரிலிருந்து லான் கேபிளால் ஃபேர்ம்வெயர் ஃபைலை அனுப்பி எழுப்பலாம். ஃபைலைத் தெரிவுசெய்யமுன் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தோடு வெர்ஷன் இலக்கத்தையும் பாருங்கள், வி1க்குரியதை வி2வில் போட்டால் இந்தச் சிவப்பு லைட்டும் எரியாமல் போகலாம்.