கல்வியியல் படித்தால் ஆசிரியர் வேலை மட்டும்தானா?

சேலத்தில் டிகிரி முடிக்கப்போகிறீர்கள், கல்வியியல் பிடிக்கும், ஆனால் பள்ளி ஆசிரியராக விருப்பமில்லை, வேறு வழி உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு.

முதலில் படிப்பைப் பிரித்துப் பாருங்கள். பி.எட். 2 வருடம், ஆசிரியர் தகுதிக்கானது. எம்.ஏ. கல்வியியல் வேறு, அதை மட்டும் காட்டிப் பள்ளியில் சேர முடியாது. இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூர வழியிலேயே அதைப் படிக்கலாம். வட்டாரக் கல்வி அலுவலர் பதவி மனதில் இருந்தால் பி.எட். இல்லாமல் நடக்காது.

எனக்குப் பிடித்த துறை பயிற்சி வடிவமைப்பு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு அமிலம் கலக்கச் சொல்லித்தர வேண்டும் என்று வையுங்கள். வேதியியல் பாடம் எடுத்தால் தூங்கிவிடுவான். பயிற்சி முடிவில் அவன் கை என்ன செய்ய வேண்டும்? தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். முதலில் வெறும் தண்ணீரை வைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள், பிறகு மாற்றிச் செய்தால் என்னாகும் என்று அவனையே சொல்லவிடுங்கள். இலக்கு, செயல், சோதனை என்ற இந்த வரிசைதான் வேலையே. ஆலைகள், மருத்துவமனைகள், மென்பொருள் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இது தேவை.

அப்புறம் பாடநூல் எழுத்து, வினாத்தாள் தயாரிப்பு, தொண்டு நிறுவனங்கள். ஏற்காடு ஆர்க்கிட் தோட்டம், குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா மாதிரி இடங்களில் இயற்கைக் கல்வி அருமையாக நடத்தலாம், ஆனால் முழுநேரச் சம்பள வேலை அரிது. அதை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

நேர்காணலில் சான்றிதழைவிட நீங்களே தயாரித்த பாடத்தைத்தான் பார்ப்பார்கள். படிக்கும்போதே இரண்டு மூன்று செய்து வையுங்கள்.