மூன்று எட்மண்ட் மார்ட்டிமர்களைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் வாரிசுகளை வைத்து வம்சாவளிப் படம் ஒன்று தயாரித்து வருகிறேன். எட்மண்ட் மார்ட்டிமர் என்ற பெயர் மூன்று இடத்தில் வருகிறது. மூவரையும் ஒருவராகச் சேர்த்துவிடவா என்று மென்பொருள் கேட்கிறது. ‘முதலாம் யார்க் டியூக்’ என்றும் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது? அரியணைக்கு லங்காஸ்டர் வம்சத்தைவிட யார்க் வம்சத்துக்கே உரிமை அதிகம் என்கிறார்களே, அது எந்த வழியில்?

பதில்: சேர்த்துவிடாதீர்கள். நானும் ஆரம்பத்தில் ஒருமுறை சேர்த்துவிட்டு, பத்து வயதுப் பையனைப் போர்க்களத்துக்கு அனுப்பி, கைதியாக்கி, கல்யாணமும் செய்து வைத்திருக்கிறேன். ஷேக்ஸ்பியரே தன் நான்காம் ஹென்றி நாடகத்தில் சித்தப்பாவையும் அண்ணன் மகனையும் ஒரே ஆளாக்கிவிட்டார் என்பதால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் எட்மண்ட் (1352–1381) மூன்றாம் மார்ச் ஏர்ல். ஏர்ல் என்பது டியூக்குக்குக் கீழான ஒரு பிரபுப் பட்டம். இந்த ‘மார்ச்’ மாதம் அல்ல, வேல்ஸ் எல்லைப்புறம். மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலுக்கு ஒரே பெண், பிலிப்பா. அவரை மணந்தவர் இவர். இவர்களுடைய மூத்த மகன் ரோஜர், நான்காம் ஏர்ல். ரோஜரின் தம்பிதான் இரண்டாவது எட்மண்ட். இளைய மகன் என்பதால் ஏர்ல் பட்டம் கிடையாது, வெறும் சர். 1402-இல் வேல்ஸ் கிளர்ச்சித் தலைவர் ஒவைன் கிளிண்டூரின் படையிடம் பிடிபட்டு, பிறகு அவர் மகளையே மணந்தவர் இவர்தான். அதே நேரத்தில் ரோஜரின் மகன், மூன்றாவது எட்மண்ட் (1391–1425), ஐந்தாம் ஏர்ல், அரசர் நான்காம் ஹென்றியின் காவலில் இருந்த சிறுவன். ஆக, பாட்டன், சித்தப்பா, பேரன்.

உறவுமுறையைக் குறிப்புப் பகுதியில் தமிழிலேயே எழுதி வையுங்கள். ஆங்கிலத்தில் சித்தப்பாவும் தாய்மாமனும் ஒரே ‘அங்கிள்’. இலத்தீன் ஆவணத்தில் ‘நெபோஸ்’ என்று வந்தால் இன்னும் மோசம்: பேரனாகவும் இருக்கலாம், உடன்பிறந்தார் மகனாகவும் இருக்கலாம்.

அடுத்து பட்டம். அதைப் பெயரோடு ஒட்டவே கூடாது, தனிக் கட்டத்தில் ஆண்டோடு போடுங்கள். 1337-இல் மூன்றாம் எட்வர்டின் மூத்த மகன் கறுப்பு இளவரசரைக் கார்ன்வால் டியூக் ஆக்கும்வரை இங்கிலாந்தில் டியூக் என்ற பட்டமே கிடையாது. யார்க் டியூக் பட்டம் 1385-இல் மூன்றாம் எட்வர்டின் இன்னொரு மகன் எட்மண்ட் லாங்லிக்குக் கிடைத்தது. அவர் மகன் எட்வர்ட் இரண்டாமவர், 1415-இல் அஜின்கோர்ட் போரில் மாண்டார். மூன்றாமவர், அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட். நான்காமவர் ரிச்சர்டின் மகன். அவர் 1461-இல் அரசர் நான்காம் எட்வர்ட் ஆனதும் பட்டம் மகுடத்தோடு கரைந்துவிட்டது. 1474-இல் அதைப் புதிதாகப் படைத்துத் தன் இளைய மகனுக்குக் கொடுத்தார். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ‘முதலாம் யார்க் டியூக்’ பலர் இருப்பது இதனால்தான். படைத்த ஆண்டைச் சேர்த்து எழுதினால் குழப்பம் தீரும்.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மாறியது மார்ச் 25-இல். ஐந்தாம் ஏர்ல் இறந்தது நம் கணக்கில் 1425 ஜனவரி, அவர்கள் கணக்கில் 1424. இரண்டு இறப்பு ஆண்டைப் பார்த்து நான்காவது எட்மண்ட் ஒருவரை உருவாக்கிவிடாதீர்கள்.

வயதைச் சரிபார்க்க, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் மரண விசாரணைப் பதிவுகள் கைகொடுக்கும். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், உள்ளூர் ஆட்களை உட்கார வைத்து நிலம் எவ்வளவு, இறந்த நாள் எது, வாரிசு யார், என்ன வயது என்று கேட்பார்கள். ‘இருபது வயதும் அதற்கு மேலும்’ என்பது மாதிரிப் பதில் வரும். அந்த ‘மேலும்’ சில சமயம் பத்து வருடம்கூட இருக்கும். வாரிசு வயதுக்கு வந்ததை நிரூபிக்கத் தனி விசாரணை உண்டு. ‘அவர் பிறந்த அன்றுதான் நான் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன்’ என்று சாட்சி சொல்வார்கள். ஊருக்கு ஊர் இத்தனை கால் ஒடிந்ததா என்று எனக்குச் சந்தேகம். சில சாட்சிகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கும்.

இனி உரிமை. லங்காஸ்டர் அரசர்கள் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் காண்ட் வழி வந்தவர்கள். யார்க் குடும்பத்தின் ஆண்வழி மூலவர் எட்மண்ட் லாங்லி, ஜானுக்குத் தம்பி. ஆண்வழியை மட்டும் பார்த்தால் யார்க் பின்வரிசைதான். ஆனால் ரோஜர் மார்ட்டிமரின் மகள் ஆன், லாங்லியின் இளைய மகன் ரிச்சர்ட் கோனிஸ்பரோவை மணந்தார். அவர்கள் பிள்ளைதான் மூன்றாம் யார்க் டியூக் ரிச்சர்ட். தாய்மாமன் ஐந்தாம் ஏர்ல் பிள்ளையில்லாமல் இறந்ததும், ஜானுக்கு அண்ணனான லயனலின் வரிசை இந்த மருமகனிடம் வந்து சேர்ந்தது. நடுவில் பிலிப்பா, ஆன் என்று இரண்டு பெண்கள். பெண்வழி செல்லும் என்றால் யார்க் முந்துகிறது. செல்லாது என்றால் லங்காஸ்டர். அன்று இதைத் தீர்க்க எல்லோரும் ஏற்ற சட்டம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மூன்றாம் எட்வர்ட் பிரான்ஸ் மகுடத்தைக் கேட்டதே தன் தாய்வழியில்தான்.

1460-இல் ரிச்சர்ட் பாராளுமன்றத்தில் உரிமை கோரியபோது பிரபுக்கள் மடக்கிய ஒரு கேள்வி: லயனல் வழி என்கிறீர்களே, பிறகு ஏன் இத்தனை நாளும் லாங்லியின் குலச்சின்னத்தைப் போட்டுக்கொண்டீர்கள்? போட உரிமை இருந்தும் காரணத்தோடு பொறுத்திருந்தேன் என்றார் அவர். அந்த டிசம்பர் 30-இல் வேக்ஃபீல்டு போரில் கொல்லப்பட்டார்.

உங்கள் படத்தில் ஆன் மார்ட்டிமரின் பெட்டியைத் தடித்த கோட்டில் போடுங்கள். ஆனால் பலரும் செய்வதுபோல் ‘கேம்பிரிட்ஜ் ஏர்லின் மனைவி’ என்று பட்டம் சேர்க்க வேண்டாம். கணவர் ஏர்ல் ஆனது 1414-இல். மகன் பிறந்த 1411-ஆம் ஆண்டிலேயே ஆன் இறந்துவிட்டார்.