மணல்மேட்டில் ஓர் இரவு: லிவா போகிறவர்களுக்குப் பதில்கள்

அபுதாபிக்குத் தெற்கே, ரூப் அல் காலி பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் லிவாவில் கூடாரமடித்துத் தங்குவது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்வி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்களிடம் சாதாரண கார்தான் இருக்கிறது. போகலாமா? (ஷார்ஜா)

போகலாம். லிவாவின் பெரிய மணல்மேடான மோரீப் மேட்டின் அடிவாரம் வரை தார்ச்சாலை இருக்கிறது. கெட்டித் தரையில் காரை நிறுத்திவிட்டு, சாமானைச் சுமந்துகொண்டு நடங்கள். மணலில் ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது.

ஃபோர் வீல் வண்டி என்றால் டயரில் எவ்வளவு காற்று? (அல் அய்ன்)

15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை இறக்குங்கள். டயர் தட்டையாகி நீளவாக்கில் படியும். எடை பரவுவதால் வண்டி மணலில் புதையாது. மிகவும் குறைத்துவிட்டு வேகமாகத் திருப்பினால் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். திரும்பிச் சாலை ஏறுமுன் காற்றடிக்க கம்ப்ரஸர் வேண்டும். இரண்டு வண்டிகளாகப் போங்கள். தனி வண்டியில் போகவே போகாதீர்கள்.

கூடாரத்தை எங்கே அடிப்பது? போன முறை முளைகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டன, காலையில் எல்லாம் நனைந்திருந்தது. பாலைவனத்தில் மழையா அண்ணா? (துபாய்)

மழையல்ல தம்பி, பனி. மேகமில்லாத இரவில் மணல் தன் சூட்டை வெகு வேகமாக இழக்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் பட்டதும் நீராகிவிடுகிறது. ஜனவரியில் 10 டிகிரிக்கு அருகில் இறங்கும். கூடாரத்தின் மேலுறையை மறக்காதீர்கள், காலணிகளை உள்ளே வையுங்கள். விடியலில் மூடுபனி இருந்தால் அது விலகும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.

முளை மணலில் நிற்காது. நான்கு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

இடம்தான் முக்கியம். மேட்டின் செங்குத்தான பக்கத்து அடிவாரம் காற்றுக்கு மறைவாக, ஆசை காட்டும். அங்கே அடிக்காதீர்கள். இரவில் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வண்டியில் ஏறி வருகிறவனுக்கு உச்சி தாண்டும்வரை இந்தப் பக்கம் தெரியாது. குழியின் அடிமட்டமும் வேண்டாம். குளிர்காற்று அங்கேதான் வந்து தேங்கும். மென்மையான சரிவில் கொஞ்சம் மேலே, வாசல் வடமேற்கைப் பார்க்காமல் அடியுங்கள். ஷமால் காற்று அங்கிருந்துதான் வீசும்.

தேள், பாம்பு? (ராஸ் அல் கைமா)

புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும். பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை. கொம்பு விரியன் கண்கள் மட்டும் தெரிய மணலில் புதைந்து கிடக்கும், எனவே இருட்டில் வெறுங்கால் கூடாது.

சின்ன கார் ஒன்று... (அஜ்மான்)

முதல் பதில்.

விறகுக்கு அங்கிருக்கும் காஃப் மரக் கிளைகளை ஒடிக்கலாமா? நம் ஊர்ச் சீமைக்கருவேலம் மாதிரிதானே? (முசாஃபா)

கூடாது. காஃப் நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம், பாண்டவர்கள் ஆயுதங்களை மறைத்து வைத்த மரம். இங்கே அமீரகத்தில் தேசிய மரம். 2019-ஐ இந்நாடு சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது அதற்குச் சின்னமும் இதுதான். விறகுக்கட்டைக் கடையில் வாங்குங்கள். எரித்து முடித்தபின் கங்குகளை மணலில் புதைக்காதீர்கள். மணல் சூட்டை மணிக்கணக்கில் பிடித்து வைக்கும், விடியலில் ஓடிவரும் குழந்தை அதன்மேல்தான் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள்.

வன்னி என்பது தவறு. அந்த மரத்தில் முள் இருந்தது. சீமைக்கருவேலமேதான். (அதே முசாஃபா நண்பர்)

வன்னிக்கும் முள் உண்டு ஐயா. சிறு கூம்பு முட்கள், தண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். சீமைக்கருவேலத்தில் இலைக்கணுவில் நீண்ட முட்கள், பெரும்பாலும் இரட்டையாக. இரண்டும் நெருங்கிய உறவு என்பதால்தான் குழப்பம். ராஜஸ்தானில் வன்னியைக் கேஜ்ரி என்பார்கள். 1730-இல் கேஜர்லி கிராமத்தில் அதை வெட்ட வந்தபோது கட்டிப்பிடித்து நின்று 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள்.

அப்படியானால் சீமைக்கருவேலத்தை எரிக்கலாம் அல்லவா? (மஸ்கட்)

அதற்காக நான் அழமாட்டேன். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் உங்களால் இரண்டையும் பிரித்தறிய முடியுமா?

டிசம்பரில் பால்வீதி தெரியுமா? (சலாலா)

அதன் பிரகாசமான மையம் அப்போது சூரியன் பக்கம் இருக்கும், இரவில் தெரியாது. ஆனால் அமாவாசைக்குப் போனால் மிருகசீரிட நட்சத்திரங்கள் கண்ணுக்கு விருந்து அள்ளித் தரும்.

இதோ படம். இரட்டை முட்களைப் பாருங்கள். (மீண்டும் முசாஃபா)

பார்த்தேன். முன்னால் நிற்பது சீமைக்கருவேலம்தான், ஒப்புக்கொள்கிறேன். பின்னால் கிளை தொங்க நிற்கிறதே, நீங்கள் கூடாரக் கயிற்றைக் கட்டியிருக்கும் மரம், அது வன்னி. கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தீர்களா?